செக் பவுன்ஸ்: இரண்டாவது நோட்டீஸ் எப்போது செல்லும்?

கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வாங்கிய செக், வங்கியிலிருந்து திரும்பி வருகிறது. வக்கீல் நோட்டீஸ் போகிறது. நோட்டீஸ் கிடைத்த அன்றே போன்: "கோர்ட்டுக்கெல்லாம் போகாதீங்க, ஒரு மாசம் டைம் கொடுங்க, செட்டில் பண்ணிடறேன்." பழகிய மனிதர். கொடுத்தவரும் சரி என்கிறார். சொன்ன தேதி தாண்டியும் பணம் வரவில்லை. 'இன்னொரு நோட்டீஸ் விட்டுட்டு கேஸ் போட்டுடலாம்' என்று வக்கீலிடம் போகும்போதுதான், காலக்கெடு முடிந்துவிட்டது என்பதே பலருக்குத் தெரியவருகிறது.

இரண்டாவது நோட்டீஸ் அனுப்பத் தடை எதுவும் கிடையாது. ஆனால், அதை அனுப்பியதாலேயே புதிதாக அவகாசம் பிறந்துவிடாது.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் மன்னிக்கலாம். 'டைம் கேட்டார், கொடுத்தேன்' என்பதை ஏற்குமா என்பது அந்த கோர்ட்டின் கையில்.

ஓர் உதாரணம். ஜனவரி 5 தேதியிட்ட செக். ஜனவரி 20-ல் ரிட்டர்ன். நோட்டீஸ் பிப்ரவரி 2-ல் போய்ச் சேர்கிறது. 15 நாள் அவகாசம் பிப்ரவரி 17-ல் முடிகிறது. மார்ச் 17-க்குள் புகார் கொடுத்துவிடுவது பத்திரம். கொடுக்காமல் மார்ச் 25-ல் அதே பழைய ரிட்டர்ன் மெமோவை வைத்து இன்னொரு நோட்டீஸ் விட்டால் பயனில்லை. மெமோ வந்து 30 நாள் எப்போதோ கடந்துவிட்டது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. செக்குக்கு இன்னும் உயிர் இருக்கிறதே! ஏப்ரல் முதல் சில நாள்களுக்குள் அதே செக்கை மறுபடி வங்கியில் போடலாம். மறுபடி திரும்பினால் புது மெமோ, புது 30 நாள், புது நோட்டீஸ். இது முழுக்கச் செல்லும்.

இந்த வழி எளிதில் கிடைக்கவில்லை. ஒரு செக்குக்கு ஒரே ஒருமுறைதான் வழக்கு உரிமை பிறக்கும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதன்படி, முதல் நோட்டீஸுக்குப் பிறகு புகார் கொடுக்காமல் விட்டவர் விட்டவர்தான். சென்னையிலிருந்து போன எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில்தான் இது மாறியது. 1996-ல் கொடுக்கப்பட்ட நான்கு செக்குகள். மொத்தம் 10 லட்சம் ரூபாய். திரும்பின, நோட்டீஸ் போனது, புகார் இல்லை. மறுபடி போட்டார்கள், மறுபடி திரும்பின, மறுபடி நோட்டீஸ். இரண்டாவது நோட்டீஸை வைத்துப் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2012-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பையே மாற்றி எழுதியது. கடன் வாங்கியவர் பணத்தைப் புரட்ட அவகாசம் கொடுத்த காரணத்துக்காகவே ஒருவரின் உரிமை போய்விடக் கூடாது என்பதே அதன் சாரம். நியாயமான தீர்ப்பு. ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் 6 மாதத்திலிருந்து 3 மாதமாகக் குறைந்துவிட்டதால், பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

நோட்டீஸ் திரும்பி வந்தால்?

'கதவு பூட்டியிருந்தது', 'ஆள் இல்லை' என்று எழுதி தபால் திரும்பி வந்ததும் பதறிப்போய் மறு நோட்டீஸ் அனுப்புபவர்கள் உண்டு. சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், அது சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும் என்பது 2007-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம். அப்படி ஒரு வழக்கில் இரண்டாவதாகப் போன நோட்டீஸை வெறும் நினைவூட்டலாகத்தான் 2017-ல் அது பார்த்தது. முதல் நோட்டீஸே போதும் என்றது. அதாவது, நாள் கணக்கும் முதல் நோட்டீஸிலிருந்தே ஓடும்.

விலாசமே தப்பு, அல்லது தொகை தப்பு என்றால் கதை வேறு. செக்கில் ஒரு தொகை, நோட்டீஸில் கேட்பது வேறு தொகை என்றால் அது தட்டச்சுப் பிழையாக இருந்தாலும் நோட்டீஸ் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. 30 நாள் முடிவதற்குள் கண்ணில் பட்டால் உடனே திருத்திய நோட்டீஸ் அனுப்ப வேண்டும். முடிந்துவிட்டது, செக்குக்கு ஆயுள் இருக்கிறது என்றால், மறுபடி வங்கிக்குப் போக வேண்டியதுதான்.

செக்கின் ஆயுளும் முடிந்துவிட்டால் இந்தக் குற்ற வழக்கு வழி அநேகமாக அடைபட்டதுதான். பணத்தை வசூலிக்க சிவில் வழக்கு மிச்சமிருக்கும். அதற்கு பொதுவாக 3 ஆண்டு கெடு. எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் அந்த 3 ஆண்டு நீளாது. கெடுவுக்குள் கடன் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் நீளும்.

செக்கை இரண்டாம் முறை போடுபவர்கள் புது ரிட்டர்ன் மெமோவைக் கையோடு வாங்கி வக்கீலிடம் கொடுக்க வேண்டும். பழைய நோட்டீஸையே தேதி மாற்றி அனுப்பும்போது, உள்ளே பழைய மெமோவின் தேதி அப்படியே நின்றுவிடுவதுண்டு. கையெழுத்தாகிப் போகும் முன் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்ப்பது நல்லது.