உங்களுக்குத் தெரியுமா? காசிருந்தும் கிடைக்காத காலணி!

சில ஸ்னீக்கர்களைக் கடையில் காசை நீட்டி வாங்கிவிட முடியாது. குலுக்கலில் பெயர் விழவேண்டும். 2023இல் பெங்களூரில் தொடங்கிய காமெட் நிறுவனமும் சில ரகங்களைக் குறைந்த எண்ணிக்கையில்தான் இறக்குகிறது. தவறவிட்டவர்களுக்கு மறுவிற்பனைச் சந்தையே கதி.

விலை இரண்டு மடங்கு என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். வந்து சேர்வது போலியாக இருந்தால்?

ஒவ்வொரு ஜோடியையும் சோதித்து ‘அசல்’ என்று சான்று தருவதுதான் அமெரிக்காவின் ஸ்டாக்எக்ஸ் மறுவிற்பனைத் தளத்தின் பெருமையாக இருந்தது. அங்கே தானே வாங்கிப் பார்த்த நான்கு ஜோடிகள் போலி என்று 2022இல் நைக்கி நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்னது. 37 போலி ஜோடிகளை விற்றதற்கு ஸ்டாக்எக்ஸே பொறுப்பு என 2025 மார்ச்சில் நியூயார்க் நீதிபதி தீர்ப்பளித்தார். அவற்றில் 33 ஜோடிகள் ஒரே வாடிக்கையாளர் தலையில் கட்டப்பட்டவை!