ஆணி அடிக்க முடியாத வீடு

அமெரிக்காவின் ஒஹையோ, இண்டியானா, இல்லினாய் மாநிலங்களின் சிற்றூர்களில், மர வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் திடீரென்று ஒரு சின்ன வீடு கண்ணை இழுக்கும். ஒரே தளம். வெளிச்சுவர் முழுக்க இரண்டடிக்கு இரண்டடி சதுரங்கள். வெளிர் நீலம், சோள மஞ்சள், புறாச் சாம்பல், மணல் நிறம் என்று ஏதாவது ஒரு நிறம். கட்டி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. பெயிண்ட் தேவைப்பட்டதே இல்லை. மழையே சுவரைக் கழுவிவிடும். உள்ளே போனால் சுவர், கூரையின் உட்புறம், அலமாரி, கதவு எல்லாம் எஃகு. வெளியே கூரை ஓடுகளும் எஃகுதான். படம் மாட்ட ஆணி அடிக்க முடியாது. காந்தம் வைத்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

இவற்றுக்கு லஸ்ட்ரான் வீடுகள் என்று பெயர். 1948க்கும் 1950க்கும் நடுவே ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், ஒரே தொழிற்சாலையில், ஏறத்தாழ 2,500 வீடுகள் செய்யப்பட்டன. கட்டப்பட்டன என்று சொல்வதைவிடச் செய்யப்பட்டன என்பதே சரி. கார் செய்வதுபோல் வீடு செய்ய முடியும் என்று நம்பிய ஒரு காலத்தின் மிச்சம் இவை. இன்று இவற்றைக் காப்பாற்றப் போராடுகிறவர்களுக்கு வரும் சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையிலிருந்தே தொடங்குகின்றன.

இரும்பில் வீடு செய்து அனுப்பும் யோசனை லஸ்ட்ரானுக்கு நூறு வருஷம் மூத்தது. 1829இல் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர், இரும்புத் தகட்டை நெளித்தால் அது தானாகவே விறைத்து நிற்கும் என்று கண்டு காப்புரிமை வாங்கினார். பிறகு துத்தநாகம் பூசும் முறையும் வந்து சேர, நெளிதகடு கடல் தாண்டியது. 1850களில் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்தபோது மெல்பர்னில் ஜனங்கள் குவிந்தார்கள். வீடு கட்ட ஆள் கிடைக்கவில்லை. பிரிட்டனிலிருந்து இரும்பு வீடுகள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றில் மூன்றைத் தெற்கு மெல்பர்னின் கவென்ட்ரி தெருவில் நேஷனல் டிரஸ்ட் இன்றும் பாதுகாத்து வருகிறது. ஒன்று மட்டுமே முதலில் நின்ற இடத்தில் நிற்கிறது. மற்ற இரண்டும் நகரின் வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நெளிதகட்டு வீட்டுக்குள் குடியிருப்பவர் படும் பாட்டைத் தகரக் கொட்டகையில் ஒரு சித்திரை மாதம் இருந்த எவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். துருவும் ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருக்கும். வெயிலுக்கு மருந்து சுவருக்குள் வைக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு. துருவுக்கு மருந்து நம் வீடுகளிலேயே இருந்தது.

பழைய எனாமல் தட்டு நினைவிருக்கிறதா? வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, கீழே போட்டால் ஓரத்தில் பெயர்ந்து கருப்பாகத் தெரியும். லஸ்ட்ரான் சுவரும் அதே சரக்குதான். அது பெயிண்ட் அல்ல, கண்ணாடி. மணல், வெண்காரம், ஃபெல்ட்ஸ்பார் முதலியவற்றை உருக்கி, அந்தக் குழம்பைத் தண்ணீரில் கொட்டினால் பொரிந்து நொறுங்கும். அதைக் களிமண்ணும் நீரும் சேர்த்து அரைத்துக் கூழாக்கி, எஃகுத் தகட்டின்மேல் தெளித்துக் காயவைத்து, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடுகிறார்கள். கண்ணாடி உருகி எஃகைப் பற்றிக்கொள்கிறது. நேராகப் பற்றாது, முதலில் கோபால்ட் கலந்த ஓர் அடிப்பூச்சு வேண்டும். தட்டு பெயர்ந்த இடத்தில் கருநீலமாகத் தெரிவது அந்த அடிப்பூச்சுதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சூடு ஆறும்போது எஃகு அதிகமாகச் சுருங்கும்படியும் கண்ணாடி கொஞ்சம் குறைவாகச் சுருங்கும்படியும் கலவையை அமைக்கிறார்கள். ஆறி முடிந்ததும் எஃகு தன் மேலுள்ள கண்ணாடியை எந்நேரமும் இறுக்கிப் பிடித்திருக்கும். கண்ணாடி இழுத்தால் உடையும், அழுத்தினால் தாங்கும். அந்தச் சுபாவத்தையே பலமாக மாற்றிய தொழில் இது. எஃகிலும் கரி மிகக் குறைவாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சூளையில் வாயு கிளம்பிப் பூச்சு கொப்புளிக்கும். எனாமலை ஏழை வீட்டுப் பாத்திரச் சரக்கு என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அது பெரிய அநியாயம்.

சிகாகோவில் 1933இல் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஆர்ம்கோ-ஃபெரோ என்ற எனாமல் எஃகு வீடு காட்சிக்கு வைக்கப்பட்டது. ஓர் எஃகு ஆலையும் ஓர் எனாமல் நிறுவனமும் கூடிச் செய்தது அது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யலாம் என்று காட்டுவதே நோக்கம். மக்கள் பார்த்து வியந்தார்கள், ஆனால் விற்பனை பெருகவில்லை. நாடு பெருமந்தத்தில் சிக்கியிருந்த காலம். யோசனை மட்டும் தங்கிவிட்டது.

அதை மறுபடியும் கையில் எடுத்தவர் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியாளர். சிகாகோ விட்ரியஸ் எனாமல் நிறுவனத்தில் பொறுப்பில் இருந்தார். போர் முடிந்திருந்தது, எஃகு அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தது. எனாமல் தகடு பதித்த பெட்ரோல் பங்குகள் கட்டுவதற்கு எஃகு கேட்டு அவர் வாஷிங்டன் போனார். பெட்ரோல் பங்குக்கு எஃகு கிடையாது, வீடு என்றால் யோசிக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நேரம். கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, குடியிருக்க இடம் இல்லை. ஸ்ட்ராண்ட்லண்ட் பெட்ரோல் பங்கை வீடாக மாற்றிக்கொண்டு திரும்ப வந்தார். ராய் பிளாஸ், மாரிஸ் பெக்மன் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுத்த மாதிரி வீடு 1946இல் இல்லினாயின் ஹின்ஸ்டேலில் எழுந்தது. 1947இல் மறுசீரமைப்பு நிதிக் கழகம் என்ற அரசு நிறுவனம் ஒன்றரைக் கோடி டாலருக்குச் சற்று மேல் கடன் கொடுத்தது. போகப் போக அது மூன்றே முக்கால் கோடி டாலர் ஆனது.

கொலம்பஸில் போர் விமானம் செய்த ஆலையே வீட்டு ஆலையானது. ஒரு வீட்டுக்குச் சிறிதும் பெரிதுமாக 3,000க்கும் மேற்பட்ட உருப்படிகள்; மொத்த எடை சுமார் 12 டன். எல்லாவற்றையும் ஒரே ட்ரெய்லரில் ஏற்றுவார்கள். கடைசியில் பொருத்தவேண்டியது முதலில் ஏறும். முதலில் வேண்டியது கடைசியில், கைக்கெட்டும் இடத்தில். அங்கே மனையில் கான்கிரீட் தளம் தயாராக இருக்கும். சட்டங்களை நிறுத்தி, கூரைத் தாங்கிகளைப் போல்ட் போட்டு, தகடுகளை ஒவ்வொன்றாகத் திருகி, நடுவில் பிளாஸ்டிக் பட்டி வைத்து இடுக்கை அடைத்துக்கொண்டே போகவேண்டியதுதான். ஒரு சின்னக் குழு ஓரிரு வாரத்தில் முடித்துவிடலாம் என்பது கணக்கு.

அந்தக் காலத்துக்கு அது வசதியான வீடு. பெரும்பாலானவை இரண்டு படுக்கையறை, ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. அலமாரிகள் சுவரோடு சேர்ந்தே வரும். படுக்கையறையில் நிலைக்கண்ணாடியோடு ஒப்பனை மேஜை, சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே பாத்திரம் கொடுத்து வாங்கும் திறப்பு. சில மாடல்களில் துணியும் பாத்திரமும் ஒரே இயந்திரத்தில் துவைக்கவும் கழுவவும் வசதி. அதை இல்லத்தரசிகள் ஏற்கவில்லை. எந்த வீட்டில்தான் ஏற்பார்கள்? குளிர்காலத்துக்குக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே சூடான காற்றை ஊதினார்கள். உட்கூரைத் தகடு சூடாகி அறைக்கு வெப்பம் இறங்கும். தலைக்கு இதமாக இருக்கும், கால் சில்லிட்டுப்போகும். முன்வாசல் திண்ணையின் மூலையில் வளைந்து நெளிந்த இரும்புத் தூண் ஒன்று. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயும் அதில் ஓடும். இந்த வீட்டில் நான் மிகவும் ரசிப்பது அதைத்தான். வேலையும் செய்கிறது, அழகாகவும் இருக்கிறது.

பிறகு ஏன் கவிழ்ந்தது? ஆலை நாளைக்கு 100 வீடு என்று திட்டமிட்டிருந்தது. உச்சத்தில் வந்தது 26. போட்ட முதலுக்கு அது போதவில்லை. 7,000 டாலருக்குக் கிடைக்கும் என்ற வீடு, 1949 கடைசியில் 10,000ஐத் தாண்டியது. விற்பனையாளர் முழுப் பணத்தையும் முன்னால் கட்டித்தான் வீட்டை எடுக்கவேண்டும். வாங்குகிறவருக்கோ இரும்பு வீட்டுக்குக் கடன் தர வங்கி தயங்கியது. ஊருக்கு ஊர் கட்டட விதி வேறு. தொழிற்சாலையில் பூட்டி வந்த குழாய் இணைப்பைப் பார்த்து உள்ளூர் அதிகாரி முடியாது என்றால் வேலை நின்றுவிடும். வேலை முடியும்வரை ட்ரெய்லர் மனையிலேயே கிடக்கும். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வீடு வாங்குவது பற்றி எழுதிக் கொடுத்ததற்காக லஸ்ட்ரானிடம் 10,000 டாலர் வாங்கியது வெளியே தெரிந்து அரசியலும் கலந்தது. ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் கையில் இருக்கும்போதே 1950இல் நிதிக் கழகம் கடனுக்காக நிறுவனத்தை முடக்கியது. ஆலை மறுபடியும் விமானம் செய்யப் போய்விட்டது. சரக்கில் குற்றம் இருந்திருந்தால் வீடுகள் அடுத்த பத்தாண்டில் மறைந்திருக்கும். அவை நின்றன. தோற்றது பணம் புரட்டிய விதமும் விற்ற விதமும்.

ஆலை மூடிய நாளிலிருந்து அந்த வீடுகளின் கதி மாறிவிட்டது. மர வீட்டில் பலகை உளுத்தால் எந்தத் தச்சரும் மாற்றித் தருவார். லஸ்ட்ரானில் ஒரு தகடு நசுங்கினால் அதே அச்சில், அதே நிறத்தில் சுட்டெடுத்த இன்னொரு தகடுதான் வேண்டும். அது எங்கும் கிடையாது. எனாமல் பெயர்ந்த இடத்தை உடனே கவனிக்காவிட்டால் துரு உள்ளே புகும். குளியல் தொட்டிக்குப் பூசும் எபாக்சி பூசி அடைக்கலாம், நிறம் ஒத்துவராது. மேலே பெயிண்ட் அடித்தால் கண்ணாடிமேல் பிடிப்பில்லாமல் உரிந்துவரும். சிலர் சலித்துப்போய் பிளாஸ்டிக் பலகை போட்டு மூடினார்கள். அதைப் பொருத்தத் தகட்டில் நூற்றுக்கணக்கில் துளை போட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் செய்வது வேறு. அலமாரியின் உட்புறத்திலிருந்தோ பின்பக்கத்திலிருந்தோ நல்ல தகட்டைக் கழற்றி முன்பக்கம் போடுவார்கள், அல்லது இடிக்கப்போகும் இன்னொரு லஸ்ட்ரானைத் தேடிப் போவார்கள். பிரித்த வீட்டின் உருப்படிகளை வாங்கிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு வீட்டின் சாவில்தான் பத்து வீடு பிழைக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் அர்த்தம் இங்கே போதாது.

இந்தத் தேடலுக்கு உதவும் சின்னப் பொருள் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெந்நீர்க் கொதிகலன் வைத்திருக்கும் அறையில் மாடலும் வரிசை எண்ணும் பொறித்த சிறு தகடு ஒட்டியிருக்கும். எந்த வீடு எந்த மாடல், எத்தனையாவதாக வந்தது என்று ஆர்வலர்கள் ஊர் ஊராகப் பட்டியல் போட்டது இதை வைத்துத்தான். பல வீடுகள் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஜெர்மைன் தெருவில் ஒன்றாக நிற்கும் ஐந்து வீடுகள் அவற்றில் அடக்கம்.

மிகப் பெரிய இழப்பு வர்ஜீனியாவின் குவான்டிகோ மரைன் படைத் தளத்தில் நடந்தது. அங்கே ராணுவக் குடும்பங்களுக்காக அறுபது லஸ்ட்ரான்கள் போடப்பட்டிருந்தன. ஒரே இடத்தில் அவ்வளவு வேறெங்கும் இல்லை. 2006 வாக்கில் புதிய குடியிருப்பு வரவேண்டியிருந்ததால், வேண்டியவர்கள் இலவசமாகப் பிரித்து எடுத்துப் போகலாம் என்று அறிவித்தார்கள். வந்தவர்கள் மிகச் சிலர். வீடு இலவசம்தான், பிரிக்கத் தெரிந்த ஆட்களும், லாரியும், புது மனையும், புதுத் தளமும் இலவசமில்லையே. பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள்.

அதே வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் ஒரு வீட்டுக்கு நல்ல காலம் பிறந்தது. அதை உருப்படி உருப்படியாகக் கழற்றி, எண் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். 2008இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தொழிற்சாலை வீடுகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோது, அந்த வீடு அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்ளேயே எழுந்து நின்றது. பிறகு ஒஹையோ போனது. 2013இல் கொலம்பஸில் மாநில வரலாற்று மையத்தில், தான் பிறந்த ஊரிலேயே, மக்கள் உள்ளே நுழைந்து அலமாரியைத் திறந்து பார்க்கும்படி பொருத்தி வைக்கப்பட்டது.

இடம் பெயர்த்த கட்டடத்தைத் தேசியப் பதிவேடு சாதாரணமாக ஏற்பதில்லை. ஒரு வீட்டின் வரலாறு அது நிற்கும் மண்ணோடு சேர்ந்தது என்பது விதியின் அடிப்படை. செட்டிநாட்டு வீட்டைக் காரைக்குடியிலிருந்து பிரித்தால் பாதி உயிர் போய்விடும் என்பதால் அந்த விதி எனக்குப் புரிகிறது. ஆனால் லாரியில் வருவதற்கென்றே பிறந்த வீட்டுக்கு அதே விதியைப் போடுவது நியாயமாகப் படவில்லை. மெல்பர்னின் இரும்பு வீடுகளைக் காப்பாற்றியதும் இடமாற்றம்தானே. நிற்கும் இடத்திலேயே காக்க முடிந்தால் அதுவே மேல்; முடியாதபோது புல்டோசரைவிட ஸ்பானர் நல்லது.

அருங்காட்சியகமும் இல்லாமல், கைவிடவும் செய்யாமல் மூன்றாவது வழி ஒன்று இண்டியானாவில் இருக்கிறது. சிகாகோ பொருட்காட்சி முடிந்ததும் ராபர்ட் பார்ட்லெட் என்ற மனை வணிகர் ஆர்ம்கோ-ஃபெரோ உட்பட ஐந்து காட்சி வீடுகளை 1935இல் மிச்சிகன் ஏரிக்கரையின் பெவர்லி ஷோர்ஸுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கரை பின்னாளில் இண்டியானா டியூன்ஸ் தேசியப் பூங்காவானது. ஏரிக்காற்றின் ஈரத்தில் எனாமல் வீட்டின் எஃகு மோசமாக அரித்துப்போயிருந்தது. பூங்காவிடம் சீர்செய்யப் பணமில்லை. அதனால் இண்டியானா லேண்ட்மார்க்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் வழியாக நீண்டகாலக் குத்தகை வைத்தார்கள்: குடியிருக்க வருகிறவர் தன் செலவில் பழைய வடிவம் மாறாமல் சீர்செய்யவேண்டும், வாடகை கிடையாது, வீடு பூங்காவுடையதாகவே இருக்கும். ஆர்ம்கோ-ஃபெரோவை ஒரு குடும்பம் அப்படி எடுத்துத் துருவேறிய எஃகைச் சீர்செய்து குடியேறியது. ஆண்டுக்கு ஒரு முறை, கோடை முடியும் தறுவாயில், பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க டிக்கெட் போடுகிறார்கள். அறிவித்த வேகத்தில் விற்றுத் தீர்ந்துவிடுகிறது.