கதவைத் திறந்துவிட்டவர்கள்

அழியாநிலை, தோப்புக்கொல்லை, லேணாவிளக்கு. கீரமங்கலம் பக்கத்து மனிதர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால், "அகதி முகாம்தானே?" என்பார்கள். 2021-ல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றிவிட்டது. ஆனால் பேச்சில் பழைய பெயர்தான் நிற்கிறது. நம் புதுக்கோட்டை மாவட்டத்து முகாம்களில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தவர்கள் இல்லை. ஒரே ஊர்க்காரர்களும் இல்லை. என்றாலும் இலங்கையிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டத் தொடங்கியது 1983 ஜூலைக்குப் பிறகுதான்.

அந்த ஜூலையில் நடந்த கொலையையும் தீவைப்பையும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள் என்பதுதான் அதிகம் பேசப்படாத கதை. பெரும்பாலோர் ஒளிந்திருந்தார்கள். அதுவும் யார் வீட்டில்? சிங்களர் வீட்டில், முஸ்லிம்கள் வீட்டில், பறங்கியர் வீட்டில்.

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் இறுதிச் சடங்குக்காகக் கூடிய கூட்டம், இரவில் தமிழர் கடைகள் மீது பாய்ந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் வெள்ளவத்தை, தெகிவளை, பம்பலப்பிட்டி எங்கும் புகை. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்தத் தெருவில் எந்த வீடு தமிழன் வீடு என்று தேட வேண்டிய வேலையே இல்லை.

வாக்காளர் பட்டியல் என்றதும் எனக்கு ஆம்ஸ்டர்டாம் ஞாபகம் வருகிறது. ஹாலந்தைப் பிடித்த ஜெர்மன் நாஜிகள் 1941-லேயே யூதர்கள் அனைவரையும் பதிவு செய்யச் சொன்னார்கள். மறு ஆண்டு மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் தைக்கச் சொன்னார்கள். 1942 ஜூலை 5 அன்று பதினாறு வயது மார்கோட் பிராங்கை வேலை முகாமுக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. அடுத்த நாளே அவளும், தங்கை ஆன் பிராங்கும், பெற்றோரும் அப்பாவின் அலுவலகக் கட்டடத்தின் பின்கட்டுக்குள் மறைந்தார்கள். பிறகு வந்து சேர்ந்தவர்களோடு மொத்தம் எட்டுப் பேர். வாசலை மறைக்க ஒரு புத்தக அலமாரி. கீழே ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். குழாயைத் திறக்கக் கூடாது, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல்!

குடும்பமாக ஒளிந்தது அவர்களுக்குக் கிடைத்த பாக்கியம். யூதப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு வேறு பெயர் வைத்து, முன்பின் தெரியாதவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். கைக்குழந்தை அழுதால் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள் என்று தூக்க மருந்து கொடுத்த இடங்களும் உண்டு. போலந்தின் வார்சா நகரில், மிருகக்காட்சிசாலையை நடத்திய ஜபின்ஸ்கி தம்பதி காலிக் கூண்டுகளிலும் வீட்டு நிலவறையிலும் ஆட்களை வைத்திருந்தார்கள். ஆபத்து வந்தால் அந்தம்மா பியானோவில் குறிப்பிட்ட ஒரு பாட்டை வாசிப்பார். சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் மறைந்துவிட வேண்டும்.

கொழும்பில் ஒளிந்தது வருஷக்கணக்கு இல்லை. சில மணி நேரம், சில நாள். ஆனால் முன்னேற்பாடு எதுவும் கிடையாது. பின்சுவரைத் தாண்டிக் குதித்து அடுத்த வீட்டு அறையிலோ, கட்டிலுக்கு அடியிலோ பதுங்க வேண்டியதுதான். பெண்கள் பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழற்றி மறைத்தார்கள். வாசலில் கும்பல் நின்று கேட்கும்போது, "இங்கே தமிழர் யாரும் இல்லை" என்று அந்த வீட்டுக்காரர் முகம் மாறாமல் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்தால் அவர் வீடும் எரியும். அப்படி மிரட்டப்பட்டும் உள்ளே விடாமல் வாசலை மறித்து நின்றவர்கள் இருந்தார்கள். உறவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள், அவ்வளவுதான்.

தெருவில் அகப்பட்டவர்களுக்கு வேறு சோதனை. வாகனத்தை நிறுத்தி, சிங்களத்தில் வாளிக்குச் சொல்லும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லச் சொல்வார்கள். முதல் எழுத்தின் ஒலி தமிழ் நாக்கில் பிசகும் என்பது கணக்கு. 1958 கலவரத்திலேயே வந்த உத்தி இது. ஒரு வாளியின் பெயரில் உயிர் தொங்கியது.

ஒளிந்திருந்தவர்கள் பிறகு கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் அமைந்த முகாம்களுக்குப் போனார்கள். அங்கிருந்து பலர் சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். 'பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் வடக்கே போ' என்று சொந்த நாட்டிலேயே கப்பல் ஏற்றிய கொடுமையை என்னவென்று சொல்ல! ஜனாதிபதி ஜெயவர்தனா தொலைக்காட்சியில் பேசவே 28-ஆம் தேதி ஆகிவிட்டது. அந்தப் பேச்சிலும் தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை. செத்தவர்கள் சில நூறு என்றது அரசு. ஆயிரங்களில் என்றார்கள் தமிழர்கள். அரசின் சார்பில் மன்னிப்பு என்ற சொல் வந்தது 2004-ல், ஜனாதிபதி சந்திரிகா வாயிலிருந்து.

ஆன் பிராங்க் குடும்பத்துக்கு ரொட்டியும் காய்கறியும் புத்தகமும் கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகப் பெண் மீப் கீஸ். 1944 ஆகஸ்ட் 4-ல் எட்டுப் பேரும் பிடிபட்ட பிறகு, தரையில் சிதறிக் கிடந்த டைரித் தாள்களைப் பொறுக்கி மேஜைக்குள் வைத்தவரும் அவர்தான். எட்டுப் பேரில் திரும்பி வந்தவர் அப்பா ஓட்டோ மட்டும். மீப் நூறு வயது வாழ்ந்து 2010-ல் இறந்தார். இஸ்ரேலின் யாத் வாஷேம் நிறுவனம் இப்படி யூதரைக் காத்த பிற இனத்தவரைத் தேடி, சாட்சி விசாரித்து, 1963 முதல் பெயர் எழுதி வருகிறது. இதுவரை 28,000 பெயருக்கும் மேல். ஜபின்ஸ்கி தம்பதியும் அதில் உண்டு.

வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கதவைத் திறந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் குடும்பப் பேச்சில்தான் இருக்கின்றன. கனடாவில் ஒரு வீட்டில், லண்டனில் ஒரு வீட்டில், நம் பக்கத்து முகாமில் ஒரு வீட்டில். பெயர் வெளியே தெரிந்தால் அவர்களுக்கு ஆபத்து என்று பல காலம் சொல்லாமலே இருந்தவர்களும் உண்டு. அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. அப்போது நாற்பதில் இருந்தவர்கள் எண்பதைக் கடந்துவிட்டார்கள். இவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத, பள்ளிப் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முகாமுக்குப் போய்வருகிற ஆசிரியர்கள், தொண்டு நிறுவனத்தார், கல்லூரி மாணவர்கள் யாராவது இதைக் கையில் எடுக்கலாம்.