இரவில் விமானியை ஏமாற்றும் செவி

நம் பள்ளித் திடலில் கண்களை மூடிக்கொண்டு பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டுச் சட்டென்று நின்று பாருங்கள். கால்கள் அசையாமல் நிற்கும்; ஆயினும், உடல் எதிர்ப்புறமாகச் சுழல்வது போலத் தோன்றும். விளையாட்டில் நாம் காணும் இத்தகைய மயக்கமே இரவு வானில் உயிர்களைப் பறித்ததுண்டு.

1999ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் இரவு, அமெரிக்க முன்னாள் அதிபர் ஜான் கென்னடியின் மகனார், தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, நியூ ஜெர்சியிலிருந்து ஒற்றை இயந்திரச் சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டிச் சென்றார். மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவில் இறங்குவதற்காக உயரத்தைக் குறைத்து வருகையில், தீவுக்குச் சில மைல் தொலைவிலேயே விமானம் கடலில் வீழ்ந்தது. மூவரும் மாண்டனர்.

ஆய்வாளர்கள் விமானத்தின் சிதைவுகளைச் சோதித்தனர். விபத்துக்கு முன் கோளாறு ஏற்பட்டதற்கான அடையாளம் ஏதும் இல்லை. பின் காரணம் யாது? அன்றிரவு வானில் மூட்டம். கீழே இருண்ட கடல். வானும் கடலும் கூடும் தொடுவானம் புலப்படாததால், விமானி திசை நிலை மயங்கினார் என்று 2000ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர்.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள நீர்மம் அசைவதால் நாம் திரும்புவதை உணர்கிறோம். விமானம் மெல்லச் சாய்ந்து ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், சற்று நேரத்தில் அந்நீர்மம் குழலோடு ஒத்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது விமானம் நேராகச் செல்வதாகவே மூளை எண்ணும். பகலில் கண் அப்பிழையைத் திருத்திவிடும். இருளிலோ, சாய்வையும் உயரத்தையும் காட்டும் கருவிகளே துணை. அக்கருவிகளை மட்டுமே கொண்டு விமானம் ஓட்டுவதற்குரிய தகுதிச் சான்றிதழை அவர் பெற்றிருக்கவில்லை.

பால்மரம் சீவிய பெற்றோர் இதனை எளிதில் உணர்வர். வாளியின் கனத்தைக் கை எவ்வளவு சொன்னாலும், தராசின் முள் காட்டுவதே கணக்கு. மாணவர்களே, ‘எனக்குத் தெரியும்’ என்னும் எண்ணமும் சில வேளைகளில் அந்தச் செவியைப் போன்றதே. ஐயம் எழுந்தால் அளந்து பாருங்கள், அறிந்தவரைக் கேளுங்கள், வழி தெரியவில்லையெனில் திரும்பி வாருங்கள். திரும்பி வருவதில் இழிவில்லை.