ஹெட்போன் வாங்கும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும் ஒருவரின் காதில் ஒரு நாளைக்கு எவ்வளவு சத்தம் விழலாம் என்பதற்குச் சட்டத்தில் ஓர் எல்லை இருக்கிறது. வேலை முடிந்து அவர் வீடு திரும்பும்போது, அறைக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் அவருடைய மகளுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் காதுக்கு அவளே பொறுப்பு.

தீபாவளி நெருங்கும்போது, "சார், நல்ல ஹெட்போன் எது?" என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். எந்த நிறுவனம், எத்தனை ரிங்கிட் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நம் நாட்டில் வேலையிட இரைச்சல் பற்றிய இப்போதைய விதிமுறைகள் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. ஒரு தொழிலாளி 8 மணி நேர வேலையில் சராசரியாக 85 டெசிபலுக்கு மேல் கேட்கும்படி விடக் கூடாது. ஒரு நொடியாக இருந்தாலும் 115 டெசிபலைத் தாண்டக் கூடாது. இதற்கு முன்பிருந்த 1989ஆம் ஆண்டு விதியில் 8 மணி நேரத்திற்கான எல்லை 90 டெசிபல். பத்து காஜாவுக்குத் தெற்கே தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டிய பழைய மிதவைக் கப்பலைப் பள்ளிச் சுற்றுலாவில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டிய அந்த 4,500 டன் இயந்திரம் 1980களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. அதில் வேலை செய்தவர்கள் அனைவரும், 1989 விதி வருவதற்கு முன்பே அந்த இரும்புச் சத்தத்தோடு தங்கள் வேலைக் காலத்தை முடித்துவிட்டார்கள்.

90க்கும் 85க்கும் இடையில் வெறும் 5தானே என்று தோன்றும். டெசிபல் என்பது ரிங்கிட் போல ஒன்றொன்றாகக் கூட்டும் அளவு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஆகவே 90 டெசிபலில் காதுக்குள் போகும் ஆற்றல், 85இல் போவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆற்றல் இரண்டு மடங்கானால் கேட்கும் நேரம் பாதியாக வேண்டும். 85இல் 8 மணி நேரம் என்றால், 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி. 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம்தான்.

அது தொழிற்சாலைக் கணக்கு. இசை கேட்பதற்கு உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் ஒரு தர அளவை வெளியிட்டன. அது இன்னும் கண்டிப்பானது: பெரியவர்களுக்கு வாரத்திற்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். பெரியவர்களுக்கான தாராளமான அளவையே எடுத்துக்கொண்டு, நீங்கள் தினமும் 2 மணி நேரம் 90 டெசிபலில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். 80இலிருந்து 90 என்றால் ஆற்றல் பத்து மடங்கு, எனவே நேரம் பத்தில் ஒரு பங்கு. 40 மணி, 4 மணியாகிவிடுகிறது. திங்கட்கிழமை தொடங்கினால் செவ்வாய் இரவோடு அந்த வாரத்துக்குரிய பங்கு தீர்ந்துவிடும். சிறுவர்களுக்கான அளவை வைத்துப் போட்டால் திங்கட்கிழமையே தீர்ந்துவிடும். போட்டுப் பாருங்கள், விடை 1 மணி 15 நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும்.

காதுக்குள் செலவாகிற பொருள்

மூன்றாம் படிவ அறிவியலின் முதல் பாடத்திலேயே காதின் படம் வருகிறது. செவிப்பறை அதிர்கிறது, சுத்தி, பட்டை, அங்கவடி என்ற மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வைக் கடத்துகின்றன, நத்தை ஓடு போலச் சுருண்ட கோக்லியா அதை நரம்புச் செய்தியாக மாற்றுகிறது. தேர்வுக்கு இது போதும். காதைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

கோக்லியாவை நீட்டி வைத்தால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் வரிசையாக நிற்கும் மயிரணுக்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. விழித்திரையில் ஒளியை உணரும் உயிரணுக்கள் கோடிக்கணக்கில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய சேமிப்பு. நம் மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டம்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். பிறந்தபோது கொடுத்தது அவ்வளவுதான். கோழிக்கும் மற்றப் பறவைகளுக்கும் இந்த அணுக்கள் அழிந்தால் திரும்ப முளைக்கும் என்று 1980களில் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு முளைப்பதில்லை.

கோக்லியாவின் வாசலில் நிற்பவை உயர்ந்த அதிர்வெண்களை உணர்பவை. உள்ளே ஆழத்தில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளுக்கு உரியவை. அதிகச் சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் முதலில் தென்படும். செவிக்குழாயே ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்ந்து ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது இதற்கு ஒரு காரணம். விளைவு என்ன தெரியுமா? சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பாட்டி, பாத்தி, பாக்கி ஆகிய மூன்று சொற்களையும் பிரித்துக் காட்டுவது நடுவில் வரும் வல்லின ஒலிகள்தாம். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் அந்த உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வீட்டில் தாத்தாவிடம் பேசும்போது, "கத்தாதே, கேட்கிறது. தெளிவாகச் சொல்" என்று அவர் கோபிப்பதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

தைப்பூசத்தில் கல்லுமலை வரை உறுமி மேளத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தவர்களுக்கு அன்றிரவு காதில் 'ஙொய்' என்ற ரீங்காரம் கேட்டிருக்கலாம். மறுநாள் அது போய்விடும். போய்விட்டதால் கணக்கு தீர்ந்தது என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 2009இல் ஷேரன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு 100 டெசிபல் ஒலியை 2 மணி நேரம் கேட்க வைத்தார்கள். சில நாள்களில் எலிகளின் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. மயிரணுக்களும் அப்படியே இருந்தன. ஆனால் கோக்லியாவின் உயர் அதிர்வெண் பகுதியில், மயிரணுவையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி காணாமல் போயிருந்தன. சோதனையில் தேறிய காது, உள்ளே பாதி இணைப்பை இழந்திருந்தது. அது எலிகளின் கதைதான். இருந்தாலும், ரீங்காரம் அடங்கிவிட்டது என்பதை வைத்து நிம்மதி அடைய எனக்கு மனம் வருவதில்லை.

ஒலியைக் கூட்டுவது யார்?

இனி ஹெட்போனுக்கு வருவோம். மாணவர்கள் வேண்டுமென்றே காதைக் கெடுத்துக்கொள்வதில்லை. ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ நகருக்குப் போகும் பேருந்தில் ஏறுங்கள். இஞ்சின், குளிர்சாதனம், சாலையின் உறுமல் எல்லாம் சேர்ந்து பேருந்துக்குள் பொதுவாக 70 முதல் 80 டெசிபல் வரை இருக்கும். பாட்டு அதற்கு மேலே போனால்தான் கேட்கும். மேலும், அந்த இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண். ஆகவே முதலில் மறைந்துபோவது பாட்டின் பேஸ். இளையராஜாவின் 1980களின் பாடல்களில் பேஸ் கித்தார் அடியில் தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டே போகும். அது காணாமல் போனதும் பாட்டு வெறும் தகரமாகிவிடுகிறது. விரல் தானாக ஒலியைக் கூட்டுகிறது. பேஸ் திரும்பக் கிடைக்கிறது, ஆனால் அதோடு சேர்ந்து உயர்ந்த ஒலிகளும் மேலே ஏறி, வாசலில் நிற்கும் மயிரணுக்களைப் போய்த் தாக்குகின்றன.

ஆகையால் நல்ல ஹெட்போன் என்பதற்கு என் விளக்கம் இதுதான்: குறைந்த ஒலியிலேயே பாட்டின் எல்லாப் பகுதியையும் கேட்க விடுவது.

காதுக்குள் செருகும் வகையில் அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முனையில் உள்ள சிலிக்கான் அல்லது நுரை உறை. பெட்டியில் மூன்று அளவுகள் வரும். பலர் நடுவில் உள்ளதை மாட்டியபடியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதுகூட இல்லை. மாட்டியதும் வெளிச்சத்தம் சட்டென்று மங்கி, பேஸ் தடிமனாகக் கேட்டால் சரியான அளவு. அப்படிப் பொருந்தினால் பேச்சு போன்ற வெளி ஒலிகளில் 15 முதல் 20 டெசிபல் வரை தடுபடும். செவியின் ஓரத்தில் சும்மா தொங்கும் வகைகள் அப்படித் தடுப்பதில்லை. பேருந்துக்கு அவை ஏற்றவை அல்ல.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வேறு வழியில் வேலை செய்கிறது. வெளியில் உள்ள ஒலிவாங்கி இரைச்சலைப் பிடிக்க, கருவி அதே அலையைத் தலைகீழாக உண்டாக்கிக் கலக்கிறது. முகடும் பள்ளமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. நான்காம் படிவ இயற்பியலில் படிக்கும் அலைக் குறுக்கீடுதான் இது. இந்தக் கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1930களிலேயே காப்புரிமை பெற்றார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றவரின் மகனான அமர் போஸ், 1978இல் ஒரு விமானப் பயணத்தில் ஹெட்போனை மாட்டிப் பார்த்து, இஞ்சின் சத்தத்தில் பாட்டே கேட்கவில்லையே என்று அங்கேயே தாளில் கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1989இல்தான். பேருந்து உறுமல் போன்ற தாழ்ந்த, சீரான இரைச்சலை இது நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சை அவ்வளவாக அடக்காது. லாரிகள் ஓடும் ஜெலாப்பாங் சாலையைக் கடக்கும்போது மட்டும் எந்த வகையானாலும் கழற்றிவிடுங்கள்.

பின்புறம் திறந்த பெரிய ஹெட்போன்களும் உண்டு. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1968இல் கொண்டுவந்த வகை அது. ஒலி வெளியேயும் கசியும், உள்ளேயும் வரும். இரவில் அமைதியான அறையில் அவ்வளவு இயல்பாகக் கேட்கும். பேருந்தில் பயனில்லை.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில் '5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மனிதக் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 வரைதான். கவனிக்க வேண்டியது ஒலி உணர்திறன். 1 மில்லிவாட் மின்திறனுக்கு 100 டெசிபல் என்று ஒன்றிலும், 109 டெசிபல் என்று இன்னொன்றிலும் போட்டிருந்தால், அதே மின்திறனில் இரண்டாவது எட்டு மடங்கு ஆற்றலை உங்கள் காதுக்குள் அனுப்பும். 'ஒலியை 60 விழுக்காட்டுக்கு மேல் வைக்காதே' என்ற அறிவுரை நல்ல தொடக்கம்தான். ஆனால் உங்கள் 60 விழுக்காடும் நண்பனின் 60 விழுக்காடும் ஒன்றில்லை.

எனவே உங்களுடைய எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். இரவில் வீடு அமைதியானதும் நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். ஒலியைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றி, பாடல் வரிகள் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனையாவது படி என்று எழுதி வையுங்கள். முதல் ஒரு நிமிடம் குறைவாகத் தோன்றும், காது பழகிக்கொள்ளும். மறுநாள் பேருந்தில் கை தானாக எந்தப் படிக்குப் போகிறது என்று பார்த்து அதையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இரைச்சல் உங்களைச் செய்ய வைத்த வேலை. உறையை மாற்றியோ வேறு வகை ஹெட்போனை மாட்டியோ அந்த வித்தியாசம் சுருங்கினால், நீங்கள் கொடுத்த ரிங்கிட் வீண்போகவில்லை.

கைப்பேசியே இந்தக் கணக்கில் உதவும். ஐபோனில் உள்ள ஹெல்த் செயலி ஹெட்போன் ஒலி அளவை வாரம் முழுவதும் குறித்து வைக்கிறது; அமைப்புகளில் 75 முதல் 100 டெசிபல் வரை ஓர் உச்சவரம்பும் வைக்கலாம். சாம்சங் கைப்பேசிகளில் ஒலி அமைப்புக்குள் மீடியா ஒலிக்கு வரம்பு வைக்க இடம் உண்டு. தம்பி, தங்கை கையில் கைப்பேசியைக் கொடுக்கும் முன் அதை அமைத்துவிடுங்கள்.

ரீங்காரம் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தாலோ, வகுப்பில் ஆசிரியர் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டாலோ, வீட்டில் சொல்லி அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்குப் போங்கள். தேவையானால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்தாற்போலாகி, கேட்பது நின்றுவிட்டால் வார இறுதி வரை காத்திருக்க வேண்டாம். அன்றே போக வேண்டும், ஏனென்றால் அதற்குரிய சிகிச்சை முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும்.