பல்லும் சொல்லும்: பல் சுகாதாரப் பணியாளரின் தொடர்கல்வி

பல் போனால் சொல் போச்சு என்பது நம் முதுமொழி. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலிகளுக்குத் துணையாகும் உறுப்புகளை எண்ணும்போது தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பல்லையும் சேர்த்தே எண்ணுகிறார். முன்பற்களை இழந்த முதியவர் ஒருவர் தகரத்தையும் வகரத்தையும் ஒலிக்கப் படும் பாட்டைக் கண்டவர்களுக்கு இதன் உண்மை எளிதில் விளங்கும். மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் பல்நலம் இடம்பெறுவதற்கு இந்த உறவே போதும். ஆயினும் நாம் இங்கே எடுத்துக்கொள்வது அதனினும் குறுகிய பொருள்: பல்லைக் காக்கும் பணியில் இருப்பவர் தம் கல்வியை ஏன் முடித்துவிட முடிவதில்லை, அந்தக் கல்வி எப்போது நோயாளியைச் சென்றடைகிறது என்பதே அது.

பல்மருத்துவமனைக்குச் சென்றுவரும் நம்மில் பலர் மருத்துவரை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். பல்லில் படிந்த காரையை நீக்கி, ஈற்றின் ஆழத்தை அளந்து, துலக்கும் முறையைச் சொல்லித் தருபவரை 'மிஸ்ஸி' என்று அழைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அவர் செவிலியர் அல்லர். தனிப்பயிற்சி பெற்ற பல் சுகாதாரப் பணியாளர். சிங்கப்பூரில் இவரும், சிறுவர்க்குப் பற்சிகிச்சை அளிப்பவரும் வாய்நலச் சிகிச்சையாளர் என்னும் பெயரின்கீழ்ப் பல்மருத்துவ மன்றத்தில் பதிவுபெறுகின்றனர். மலேசியாவில் இதையொத்த பணியைப் பல் சிகிச்சையாளர்கள் சிறுவரிடையே ஆற்றிவருகின்றனர். 2018ஆம் ஆண்டுப் பல்மருத்துவச் சட்டம் அவர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது.

இத்தொழில் மிகப் பழையது அன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் ஃபோன்ஸ் என்னும் பல்மருத்துவர் 1906இல் தம் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமனுக்குப் பற்களைச் சுத்தம் செய்யப் பயிற்சி அளித்தார். 1913இல் தம் வண்டிக் கொட்டகையையே பள்ளியாக்கி வகுப்பு நடத்தினார். அங்குப் பயின்ற பெண்கள் அந்நகரப் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குப் பல்நலம் கற்பித்தனர். தொடக்கத்திலேயே இத்தொழிலில் பாதி கைவேலையாகவும் பாதி ஆசிரியப்பணியாகவும் இருந்ததை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நியூசிலாந்து 1921இல் பள்ளிப் பற்செவிலியருக்குப் பயிற்சி தொடங்கியது. அம்முறையைப் பின்பற்றிப் பினாங்கில் 1949இல் ஒரு பயிற்சிப்பள்ளி ஏற்பட்டது. நம் பகுதியின் பழைய தலைமுறையினர் பலர் பள்ளியில் கண்ட 'டென்டல் நர்ஸ்' அந்த மரபில் வந்தவர்.

பட்டயம் பெற்றவர் மீண்டும் ஏன் படிக்க வேண்டும்? பதிவைப் புதுப்பிக்கச் சட்டம் கேட்கிறது என்பது ஒரு விடை. ஆனால் அது அலுவலக விடை. உண்மையான விடை, அவர் கற்றவற்றுள் சில பொய்யாகிப் போகின்றன என்பதே.

இதய வால்வில் சிறு குறையுள்ள ஒருவர் பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபதாண்டுகளுக்கு முன் படித்த பணியாளர், அவர் ஒரு மணி நேரத்திற்கு முன்பே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டாரா என்று கேட்டிருப்பார். உண்ணவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி வேலையைத் தள்ளிவைத்திருப்பார். அன்று அதுவே சரி. 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் இவ்வழிகாட்டுதலை வெகுவாகச் சுருக்கியது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர், முன்பே இதய உள்ளுறையில் தொற்று கண்டவர், குறிப்பிட்ட சில பிறவி இதயக் குறைபாடு உடையவர் போன்ற மிகுந்த ஆபத்துள்ளோருக்கு மட்டுமே அம்மருந்து என்றது. காரணம் எளியது: நாள்தோறும் மெல்லுவதாலும் துலக்குவதாலும் நுண்ணுயிர்கள் குருதியில் கலப்பது, எப்போதோ ஒருமுறை மருத்துவமனையில் நிகழ்வதைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். ஆகவே இத்தகையவரின் இதயத்துக்கும் நாள்தோறும் பேணும் ஈறே பெரிய காவல். இம்மாற்றத்தை அறியாத பணியாளர் தேவையற்ற மருந்துக்கு வழிசெய்வார். பாதி மட்டும் அறிந்தவர் உண்மையிலேயே மருந்து தேவைப்படும் ஒருவரைத் தவறவிடுவார். இரண்டாவதே நமக்கு அதிக அச்சம் தருவது.

குழந்தைகளின் பற்பசையும் இவ்வாறே. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃபுளூரைடு கலந்த பசையே வேண்டாம் என்று தாய்மாருக்குச் சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2014இல் அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கம், முதல் பல் முளைத்த நாள் முதலே ஓர் அரிசிமணி அளவும், மூன்று வயதுக்குமேல் ஒரு பட்டாணி அளவும் இடலாம் என்றது. அரிசிமணி என்ற அளவு நம் தாய்மாருக்கு விளக்கமே வேண்டாதது. ஆனால் பழைய அறிவுரையை மூத்த பிள்ளைக்குக் கேட்ட தாய், இளைய பிள்ளைக்கு வேறு அறிவுரை கேட்கும்போது ஐயுறுவார். 'அப்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள்?' என்னும் அக்கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லத் தெரிந்திருப்பதும் தொடர்கல்வியின் ஒரு பகுதி.

இத்தொழிலின் அறிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சற்று நின்று நோக்க வேண்டும். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஈறு நலமாயிருந்த பன்னிருவரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நலம் திரும்பியது. ஈற்றழற்சிக்குக் காரணம் பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலமே என்பதை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் எவரும் காட்டியதில்லை.

அவ்வழற்சியைப் பல்லாண்டுகள் கவனியாது விட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை தேடிய லோவின் குழு 1970இல் இலங்கையின் மலையகத்துக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ் ஆண்களின் வாய்களை ஆராய்ந்தது. தடுப்புப் பல்மருத்துவமோ சிகிச்சையோ அவர்களை எட்டியதே இல்லை. பல்துலக்கும் பழக்கமும் இல்லை. சொத்தைப் பல் மிகமிக அரிது. ஆகவே பல் விழுந்தால் அதற்கு ஈறே காரணம் என்று கொள்ள முடிந்தது. 1985 வரை இடைவிட்டு இடைவிட்டு ஆராய்ந்தனர். இறுதியில் முதல் குழுவினருள் எஞ்சியவர் 161 பேர். முடிவுகள் 1986இல் வெளிவந்தன. ஒரே மண்ணில், ஒரே உணவுண்டு, ஒரே வேலை செய்த அவர்களுள் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து பரவி, 45 வயதில் பற்கள் அனைத்தும் போயின. 81 விழுக்காட்டினருக்கு மெல்லப் பரவி, அதே வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயின. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீங்கியதேயன்றி நோய் அதற்குமேல் செல்லவில்லை. அவர்கள் இந்நோயால் ஒரு பல்லையும் இழக்கவில்லை.

இன்று உலகெங்கும் பல் சுகாதாரம் பயிலும் மாணவர் இவ்வெண்களைப் படிக்கின்றனர். அவ்வெண்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் நம் மொழி பேசியவர்கள் என்பது பாடநூலில் ஒரு சொல்லாகக் கடந்துபோகும். சுகாதாரப் பணியாளர் எவரும் சென்றிராத மக்களின் வாய்களிலிருந்துதான், சுகாதாரப் பணியாளர் ஏன் தேவை என்பதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்று கிடைத்தது. இதை நினைக்கும்போது நமக்கு ஒரு கடன் இருப்பதாகவே தோன்றுகிறது.

எல்லார்க்கும் ஒரே வேகத்தில் நோய் பரவுவதில்லை என்னும் அறிவு, பணியாளரின் அன்றாட வேலையையும் மாற்றியது. 1993இல் இதே லோ, ஈற்றுநோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். 2018இல் வெளியான புதிய நோய்ப்பகுப்பு, எவ்வளவு சிதைந்துள்ளது என்பதை நான்கு நிலைகளாகவும், எவ்வளவு விரைவாகச் சிதையும் என்பதை மூன்று தரங்களாகவும் பிரித்தது. மூன்றுமாதச் சராசரிச் சர்க்கரை அளவு 7 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள நீரிழிவாளரும், நாளொன்றுக்குப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சிகரெட் புகைப்பவரும் விரைவு மிகுந்த தரத்தில் வைக்கப்படுவர். ஆகவே ஈறு பார்க்க அமர்ந்தவரிடம் 'உங்கள் இனிப்புநீர் எந்த அளவில் இருக்கிறது?' என்று கேட்பது இன்று வீண்பேச்சன்று. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. புகைப்பவரின் ஈறு அவ்வளவாகக் குருதி கசியாது. புகையிலை அந்த அறிகுறியை மறைத்துவிடும். குருதி இல்லை, ஆகவே நலம் என்று நினைக்கும் பணியாளரை அது ஏமாற்றும்.

இவற்றையெல்லாம் ஒரு கருத்தரங்கில் அமர்ந்து கேட்டுவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு மருத்துவர்களிடையே நடந்த ஆய்வுகளே சான்று. டேவ் டேவிஸ் என்னும் கனடிய அறிஞரும் குழுவினரும் 1999இல் தொகுத்துக் காட்டியது இது: மேடையிலிருந்து ஒருவர் பேச மற்றவர் கேட்டிருக்கும் வகுப்புகள் மருத்துவர் நடைமுறையை மாற்றியதாகத் தெரியவில்லை, கேட்பவர் தாமே செய்து பார்க்கவும் வினவவும் இடமளித்த வகுப்புகளே மாற்றின. 2006இல் அவர்களே இன்னொன்றும் கண்டனர். தமக்கு எது தெரியாது என்பதை மருத்துவர்கள் தாமே மதிப்பிடுவது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. திறன் குறைந்தும் தன்னம்பிக்கை மிகுந்தும் இருப்பவரிடம் அம்மதிப்பீடு மிக மோசம். சொற்பொழிவு வரிசையொன்றில் இதை எழுதுவதில் உள்ள முரண் நமக்கும் தெரியாமல் இல்லை. புள்ளிகளைச் சேர்க்க எளிய வழி மண்டபத்தில் அமர்வது. கையும் வாயும் பழக எளிய வழி இல்லை. ஒருவர் அளந்த ஈற்றின் ஆழத்தை மற்றொருவர் மீண்டும் அளந்து ஒப்பிடுவதும், தம் நோயாளிகளுள் எத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் குருதிக்கசிவு குறைந்தது என்று ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதும் கூச்சம் தரும் பயிற்சிகள். பயன் தருபவையும் அவையே.

பேச்சுக்கு வருவோம். ஃபோன்ஸ் காலத்திலேயே இத்தொழிலில் பாதி ஆசிரியப்பணி என்றோம். அப்பாதியே பயிற்சியில் மிகவும் புறக்கணிக்கப்படுகிறது. நம்மிடையே உலவும் ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம்: பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சொல்பவர் கண்டதைத்தான் சொல்கிறார். பல ஆண்டுகளாகப் படிந்த காரை சுவர்ப்பூச்சைப் போல் பல்லிடை வெளியை அடைத்து நிற்கிறது. அடியில் எலும்பு தேய்ந்துபோன பல்லுக்கு அதுவே பொய்த்தாங்கலாகவும் இருக்கிறது. காரையை எடுத்தவுடன் வெளி தெரிகிறது, ஆட்டமும் தெரிகிறது. நோய் முன்பே செய்ததை அன்றுதான் அவர் காண்கிறார். இதைச் சுத்தம் செய்வதற்கு முன்பே, கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சொன்னால் அவர் மீண்டும் வருவார். பின்பு சொன்னால் அது சாக்குப்போக்காகவே ஒலிக்கும்.

துலக்கும்போது குருதி வந்தால் அவ்விடத்தைத் தொடாமல் விடுவதும் இத்தகையதே. ஆர்ஹுஸ் ஆய்வின் பயனை ஒரு தொடரில் தமிழில் சொல்லலாம்: 'அழுக்கு இருப்பதால்தான் அம்மா குருதி வருகிறது, மெதுவாக நாள்தோறும் அங்கேயே துலக்குங்கள், ஒரு வாரத்தில் குறையும், குறையாவிட்டால் வாருங்கள்.' இத்தொடரை ஆங்கிலத்தில் படித்த இளம் பணியாளர் பலரால் தமிழில் தடையின்றிச் சொல்ல முடிவதில்லை. 'பிளாக்', 'டார்ட்டர்' என்று சொல்லிவிட்டு அருகில் நிற்கும் பேரனைப் பார்க்கின்றனர். பேரன் 'கிளீன் பண்ணணுமாம் பாட்டி' என்று முடித்துவிடுகிறான். துலக்கும் முறை, வெற்றிலையோடு புகையிலை சேர்வதன் தீங்கு, பொய்ப்பற்களை இரவில் கழற்றிவைப்பது, எல்லாம் அந்த ஒரு தொடரில் மறைந்துபோகின்றன.

இங்கே தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் வேலை இருக்கிறது. பற்படலம், பற்காரை என்னும் சொற்கள் நம்மிடம் உள்ளன. ஆனால் மருத்துவமனை நாற்காலியில் அவற்றையே ஒப்புவிப்பது பயனில்லை. 'பல்லில் வழவழவென்று படியும் மாவு', 'அது இறுகிக் கல்லானது' என்று சொன்னால் பாட்டிக்குப் புரியும். எச்சொல் எவர்க்குப் புரியும் என்று ஆராய்வது மொழிப்பாடத்தில் செய்யத்தக்க நல்ல பயிற்சி. மாணவர்கள் தம் வீட்டு முதியவரிடம் கேட்டுத் தொகுக்கும் ஐம்பது சொற்கள், ஒரு தொடர்கல்வி வகுப்பில் வைக்கத்தக்க பாடமாகும்.

சொன்னது புரிந்ததா என்று கேட்டால் நம் பெரியவர்கள் புரிந்தது என்றே தலையசைப்பர். மறுப்பது மரியாதையன்று என்று வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே பயிற்சிபெற்ற பணியாளர் அப்படிக் கேட்பதில்லை. கருவிகளை எடுத்து வைத்தபின், நாற்காலியை நிமிர்த்தி, எதிரே அமர்ந்து கேட்கிறார்: 'நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும் அம்மா. வீட்டுக்குப் போனதும் இதை உங்கள் மகளிடம் எப்படிச் சொல்வீர்கள்?'