சிறுகுடலினுள் ஒரு பார்வை

வாய் வழியாகக் குழாயைச் செலுத்தி இரைப்பை பார்க்கப்பட்டுவிட்டது. பெருங்குடலும் பார்க்கப்பட்டுவிட்டது. இரண்டிலும் கோளாறு எதுவுமில்லை என்கிறது அறிக்கை. ஆயினும் நோயாளியின் குருதிச்சோகை தீரவில்லை. இரும்புச்சத்து வில்லைகளும் இடையிடையே குருதியேற்றலுமாக மாதங்கள் கழிகின்றன. வீட்டாரோ உணவில்தான் குறையென்று கீரையும் ஈரலும் சமைத்துக் கொடுக்கின்றனர். இது எம்மிடையே புதிய கதையல்ல.

அவ்விரு பரிசோதனைகளும் உணவுக்கால்வாயின் இரு அந்தங்களையே காட்டுகின்றன என்பதை நாம் கவனிப்பதில்லை. இரைப்பை அகநோக்கி முன்சிறுகுடலுடன் நின்றுவிடும். பெருங்குடல் அகநோக்கி சிறுகுடலின் கடைக்கோடியில் சிறிதளவையே எட்டும். இடையில் சுமார் 20 அடி நீளமான சிறுகுடல் சுருண்டு, ஓயாது அசைந்தவண்ணம் இருக்கிறது. எனவே, 'கோளாறு எதுவுமில்லை' என்ற வாசகம் பார்க்கப்பட்ட இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். சமிபாட்டுத் தொகுதியின் குருதிக் கசிவுகளில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானவை சிறுகுடலில் ஏற்படுவதாக வைத்திய நூல்கள் கூறுகின்றன.

பிறழ்வடைந்த குருதிக்கலன்கள், கட்டிகள், மூட்டுவலிக்கென நெடுநாள் உட்கொள்ளும் வலிநிவாரணிகளால் உண்டாகும் புண்கள், குரோன் நோய் ஆகியன இதற்குக் காரணமாகலாம். தெற்காசியாவில் குடற் காசநோயையும் சேர்த்தே எண்ண வேண்டும். பின்னிரண்டும் தோற்றத்தில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. ஆனால், குரோன் நோய்க்குத் தரப்படும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து காசநோயாளிக்கு உயிராபத்தாக முடியலாம். ஆகவே, கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. இழையத்தைக் கிள்ளியெடுத்துச் சோதிக்கவும் வேண்டியிருக்கிறது.

முன்னர், சிறுகுடல் முழுவதையும் உள்ளே பார்ப்பதாயின் பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் விழுங்கும் கெமரா பற்றிய செய்தி வெளியானதுடன் நிலைமை மாறியது. அதனைக் கருக்கொண்டவர் ஏவுகணைகளுக்கான ஒளியியற் கருவிகளில் பணியாற்றிய இஸ்ரேலியப் பொறியியலாளர் கவ்ரியேல் இட்டான். கொல்லும் கருவிக்காகப் பழகிய கை குணமாக்கும் கருவியையும் செய்திருக்கிறது என்பதைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

சுமார் 26 மில்லிமீற்றர் நீளமான அந்தக் கப்சூல், குடலின் இயல்பான அசைவுடனேயே நகர்ந்து, ஏறத்தாழ எட்டு மணித்தியாலங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை இடுப்புப் பட்டியிலுள்ள பதிவுக் கருவிக்கு அனுப்புகிறது. மயக்கமருந்து தேவையில்லை. ஆனால் அதனால் நின்று பார்க்கவோ இழையம் எடுக்கவோ குருதிக் கசிவை நிறுத்தவோ இயலாது. குடல் ஒடுங்கிய இடத்தில் சிக்கிக்கொள்ளவும் கூடும். அச்சந்தேகம் இருந்தால், தானே கரையும் வெள்ளோட்டக் கப்சூல் ஒன்று முதலில் கொடுக்கப்படும்.

கப்சூல் செய்ய முடியாததைச் செய்வது, ஜப்பானிய வைத்தியர் ஹிரொனோரி யமமோட்டோ 2001இல் அறிமுகப்படுத்திய இரட்டைப் பலூன் அகநோக்கி. பாவாடைக்கு நாடா கோக்கும்போது துணி சுருங்கி ஊசியின்மேல் ஏறுவதைப் பார்த்திருப்போம். இரு பலூன்களும் மாறிமாறி ஊதப்பட, குடல் அவ்வாறே குழாயின்மேல் சுருங்கி ஏறுகிறது. இழையமும் எடுக்கலாம், கசியும் கலனைச் சுட்டு அடைக்கவும் செய்யலாம். குடல் துளைபடுதல், கணைய அழற்சி ஆகிய அபாயங்கள் சிறிதளவு உண்டு, மயக்கமருந்தும் தேவை. ஆதலால், முதலில் கப்சூலால் இடத்தைக் கண்டு, பின்னர் பலூன் அகநோக்கியை நாடுவதே வழக்கம்.

ஒருமுறை மட்டுமே பயன்படும் கப்சூலுக்குச் செலவு அதிகம். வெறும் வயிற்றுவலிக்கு இதனைக் கேட்டு நிற்பது பணவிரயம் என்றே நாம் கருதுகிறோம். முதற் பரிசோதனைகளில் தவறவிடப்பட்டவை, அவற்றைத் திரும்பச் செய்கையிலேயே அகப்படுவதும் உண்டு.

பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே இரும்புச்சத்து வில்லைகளை நிறுத்த வேண்டும். அவை குடலைக் கருமையாக்கிவிடும். முதல்நாளில் குடலைச் சுத்தமாக்கும் மருந்தை நிறைய நீருடன் அருந்த நேரிடலாம். அவசரமற்றதாயின், ரமழான் நோன்பு முடிந்தபின் திகதி தருமாறு வைத்தியரிடம் கேட்கலாம். கப்சூல் மலத்துடன் வெளியேறிவிடும். அதனைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்யக்கூடாது. இரு வாரங்கள் கடந்தும் ஐயமிருப்பின் எக்ஸ்ரே படம் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும்.